கரைவலை இழுப்பதைக் கணினியிடம் காட்டினால்

தனுஷ்கோடி போகிற சாலையில் முகுந்தராயர் சத்திரம் தாண்டியதும் தெற்குப் பக்கம், அதாவது ஆண்கடல் பக்கம், தை மாதக் காலை ஒன்றில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வண்டியை ஓரம் கட்டி, போனை முக்காலியில் பொருத்தி 12 நிமிடம் வீடியோ எடுத்தேன். கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். "எடுத்துக்க தம்பி, முடிச்சிட்டு வந்து ஒரு கை புடி" என்றார் ஒரு பெரியவர்.

கரைவலை பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நாட்டுப்படகில் போய் வலையை அரைவட்டமாகக் கடலில் விட்டு, இரண்டு பக்கக் கயிற்றையும் கரைக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். ஒவ்வொரு கயிற்றுக்கும் எட்டுப் பத்துப் பேர். பின்பக்கம் சாய்ந்து, குதிகாலை மணலில் ஊன்றி, அடியடியாகப் பின்னால் நடந்தபடி இழுப்பார்கள். கடைசியில் இருப்பவர் மேட்டுக்கு வந்ததும் கயிற்றை விட்டுவிட்டு, மற்றவர்களைக் கடந்து தண்ணீர் ஓரம் நடந்துபோய், அங்கே முதல் ஆளாகக் கயிற்றைப் பிடிப்பார். ஆட்கள் இப்படிச் சுற்றிக்கொண்டே இருப்பார்கள். வலை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கு வரும். கடைசியில் மடி வரும். மீன் இருந்தால் அதில்தான் இருக்கும்.

வீட்டுக்கு வந்து அந்த வீடியோவைப் போட்டேன். அக்கா மகளுக்கு ஏழு வயது. எட்டிப் பார்த்த உடனே "வலை இழுக்குறாங்க மாமா" என்றாள். அதே வீடியோவை லேப்டாப்பில், இலவசமாகக் கிடைக்கும் ஒரு செயற்கை நுண்ணறிவு மாடலிடம் கொடுத்தேன். வீடியோவில் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று சொல்வதுதான் அதன் வேலை. "கயிறு இழுக்கும் போட்டி" என்றது.

சிரிப்பு வந்தது. ஆனால் அந்தத் தப்பான பதிலுக்கு வந்துசேரவே அது எத்தனை படி ஏறியிருக்க வேண்டும் என்று யோசித்தால் சிரிப்பு அடங்கிவிடும். கணினிப் பார்வை என்று தமிழில் சொல்லப்படும் துறையில், மனித அசைவைப் புரிந்துகொள்ளும் பகுதி தனி உலகம். அந்தப் படிகளை இந்த ஒரே வீடியோவை வைத்துச் சொல்லப் பார்க்கிறேன். பத்தாம் வகுப்புக் கணக்கு போதும். அதுவும் ஓரிடத்தில்தான் வரும்.

உள்ளே போவது எண்கள்

வீடியோ என்பது வேகமாகப் புரட்டப்படும் படங்கள். என் போன் நொடிக்கு 30 படம் எடுக்கிறது. ஒவ்வொரு படத்திலும் குறுக்கே 1920 புள்ளி, நெடுக்கே 1080 புள்ளி, பெருக்கினால் 20,73,600. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள், 0 முதல் 255 வரை. ஆக ஒரு நொடிக்கு 18 கோடியே 66 லட்சம் எண்கள். கணினியிடம் போய்ச் சேருவது இந்தக் குவியல் மட்டும்தான். இதில் கயிறு கிடையாது, ஆள் கிடையாது, கடல் கிடையாது. நாம் பார்க்கிற எல்லாவற்றையும் அது இந்த எண்களிலிருந்து தேடி எடுத்தாக வேண்டும்.

அசைவைப் படங்களாக வெட்டிப் பார்க்கும் பழக்கம் கணினிக்கு முந்தியது. குதிரை ஓடும்போது நான்கு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புமா என்று ஒரு கேள்வி இருந்தது. 1878-இல் கலிஃபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் ஓடுபாதை ஓரம் கேமராக்களை வரிசையாக நிறுத்தி வைத்துப் படம் பிடித்தார். எழும்புகிறது என்று தெரிந்தது. அதுவும் ஓவியர்கள் வரைந்ததுபோல முன்னங்கால் முன்னாலும் பின்னங்கால் பின்னாலும் நீண்டிருக்கும்போது அல்ல. நான்கும் வயிற்றுக்கடியில் மடங்கியிருக்கும்போது. அத்தனை காலம் குதிரையோடு வாழ்ந்தவர்கள் கண்ணுக்கும் அது பிடிபட்டிருக்கவில்லை.

எது அசைகிறது?

அசைவைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. இந்தப் படத்தின் எண்களிலிருந்து முந்தைய படத்தின் எண்களைக் கழித்துவிட வேண்டும். மாறாத இடத்தில் விடை பூஜ்யம். மாறிய இடம் மட்டும் வெள்ளையாக மின்னும். ராத்திரி பூட்டிய கடைக்குள் யாராவது நுழைந்தால் கண்டுபிடிக்க இது போதும்.

கடற்கரையில் இதைச் செய்து பார்த்தேன். படத்தின் கீழ்ப்பாதி முழுக்க வெள்ளை. அலை அசைகிறது, நுரை அசைகிறது, தண்ணீர்மேல் வெயில் மினுங்குகிறது, கட்டியிருக்கும் கைலி காற்றில் படபடக்கிறது, போதாக்குறைக்குக் காக்காய். இத்தனைக்கும் நடுவில் ஆளைக் காணோம். வடக்குப் பக்கம் பெண்கடல் குளம்போலக் கிடக்கும் ஒரு நாளில் எடுத்திருந்தால் கொஞ்சம் தப்பித்திருப்பேன்.

இதற்கு 1999-இல் ஸ்டாஃபர், கிரிம்சன் என்ற இருவர் சொன்ன வழி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் வழக்கமான நிறம் ஒன்றுதான் என்று ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்? கரையோரப் புள்ளி ஒன்று கொஞ்ச நேரம் ஈர மணல், கொஞ்ச நேரம் நுரை. இரண்டுமே அதற்கு வழக்கம்தான் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். இரண்டிலும் சேராத மூன்றாவது நிறம் வந்தால் மட்டும் "புதுசா ஏதோ வந்திருக்கு" என்று சொன்னால் போதும். இப்படிச் செய்ததில் என் வீடியோவில் அலை பாதி அடங்கியது. மினுங்கும் வெயில் அடங்கவில்லை.

அசைந்தது என்று மட்டும் தெரிந்தால் போதாது; எந்தப் பக்கம், எவ்வளவு என்றும் தெரிய வேண்டும். 1981-இல் இரண்டு கட்டுரைகள் தனித்தனியாக இதற்கு வழி சொல்லின. ஒன்று ஹார்ன், ஷுங்க் எழுதியது. இன்னொன்று லூகாஸ், கனாடே எழுதியது. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: ஒரு பொருள் நகர்ந்தாலும் அதன் வெளிச்சம் அடுத்த படத்துக்குள் பெரிதாக மாறிவிடாது. அப்படியென்றால் இந்தப் படத்தில் இங்கே இருந்த நிறம் அடுத்த படத்தில் பக்கத்தில் எங்கே போயிருக்கிறது என்று தேடி, ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு சின்ன அம்புக்குறி போட்டுவிடலாம். ஆங்கிலப் பெயரை ஒட்டி ஆப்டிகல் ஃப்ளோ என்றே பலரும் சொல்கிறார்கள். ஒளிப்பாய்வு என்றும் சொல்லலாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அதைப் புரிந்துகொள்ளக் கரைவலைக் கயிற்றைவிட நல்ல பொருள் கிடைக்காது. கையைக் குழல்போல மடக்கி, அந்த ஓட்டை வழியாக விறைத்த கயிற்றின் நடுப்பகுதியை மட்டும் பாருங்கள். கயிறு கரையை நோக்கி நீளவாக்கில் வழுக்கிக்கொண்டிருக்கிறது. ஆனால் ஓட்டைக்குள் எதுவும் அசைவதாகத் தெரியாது. ஒரே நிறம், ஒரே தடிமன். போனதும் வந்ததும் ஒன்றுபோலவே இருக்கிறது. கயிறு மேலும் கீழும் ஆடினால்தான் கண்ணுக்குத் தெரியும். கயிற்றில் ஒரு முடிச்சோ ஒட்டிய பாசியோ ஓட்டையைக் கடந்து போகட்டும், உடனே "ஓ, இழுபடுது" என்று தெரிந்துவிடும். கணினி ஒவ்வொரு புள்ளியையும் இப்படி ஒரு சின்ன ஓட்டை வழியாகத்தான் பார்க்கிறது. அதனால் முடிச்சும் மூலையும் புள்ளியும் இருக்கிற இடங்களை முதலில் நம்பும். மொழுக்கென்ற இடங்களுக்கு அக்கம்பக்கத்தை வைத்து ஊகம் செய்யும். என் வீடியோவில் கடலுக்குள் போகும் கயிறு முழுக்க அது அசையவே இல்லை என்றுதான் சொன்னது. பத்துப் பேர் உயிரைக் கொடுத்து இழுத்துக்கொண்டிருக்கிறார்கள்!

இருட்டில் பன்னிரண்டு விளக்கு

அம்புக்குறிகள் வந்துவிட்டன. ஆள் இன்னும் வரவில்லை. ஆளைப் பிடிக்க உதவிய முக்கியமான யோசனை உளவியலிலிருந்து வந்தது.

ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழகத்தில் குன்னர் ஜோஹான்சன் என்பவர் 1973-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். கறுப்பு உடை போட்ட ஒருவரின் தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று மூட்டுக்கு மூட்டு ஒளிப்புள்ளி. சுற்றிலும் இருட்டு. அவர் அசையாமல் இருக்கும் வரை பார்ப்பவர்களுக்கு ஏதோ புள்ளிகள் சிதறிக் கிடப்பதாக மட்டும் தெரிந்தது. நடக்க ஆரம்பித்ததும், கண்ணிமைக்கும் நேரத்தில் மனிதன் நடக்கிறான் என்று கண்டுகொண்டார்கள். முகம் இல்லை, உடல் இல்லை, பத்துப் பன்னிரண்டு புள்ளிகளின் ஓட்டம் மட்டும். சில ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் நடந்த சோதனையில், இப்படிப் புள்ளிகளாகத் தெரியும் நடையை வைத்து நண்பர்களை ஓரளவு அடையாளம் சொல்லவும் முடிந்தது.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. ராத்திரி ஆழமில்லாத தண்ணீரில் நெற்றியில் லைட் கட்டிக்கொண்டு நண்டு பார்த்து வருபவர்களை, அந்த லைட் ஆடுகிற ஆட்டத்தை வைத்தே "இன்னார் வர்றார்" என்று கரையிலிருந்து சொல்லிவிடுகிறவர்கள் உண்டு.

கணினிக்கும் இதையே கற்றுக்கொடுத்தார்கள். ஆளை முழுசாகப் புரிந்துகொள்ள வேண்டாம், மூட்டுகள் எங்கே என்று மட்டும் சொல் என்று. பரவலாகப் புழங்கும் கோகோ என்ற பயிற்சித் தொகுப்பில் ஒரு மனிதன் என்றால் 17 புள்ளிகள்: மூக்கு, இரண்டு கண், இரண்டு காது, பிறகு தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால், எல்லாம் இரண்டிரண்டு. படத்தில் இருக்கும் ஆளின் மேல் மனிதர்களே உட்கார்ந்து இந்தப் புள்ளிகளைக் குறித்தார்கள். இரண்டரை லட்சம் ஆட்களுக்கு இப்படிக் குறித்திருக்கிறார்கள். இத்தனையையும் பார்த்துப் பார்த்து நரம்பணி வலைப்பின்னல் (நியூரல் நெட்வொர்க்) என்ற, உதாரணங்களிலிருந்து கற்கும் நிரல் பழகுகிறது. புதுப் படம் கொடுத்தால் "இடது முழங்கை இங்கே இருக்க வாய்ப்பு அதிகம், அங்கே குறைவு" என்று படம் முழுக்க ஒரு வாய்ப்பு வரைபடம் போடும். அதில் உச்சமான இடம்தான் முழங்கை. 2014-இல் கூகுள் ஆய்வாளர்கள் மூட்டு கண்டுபிடிக்க பல அடுக்கு வலைப்பின்னலைப் பழக்கும் ஆழ்கற்றலைப் பயன்படுத்திக் காட்டினார்கள். 2017-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்திலிருந்து ஓபன்போஸ் என்ற மென்பொருள் வந்தது. கூட்டமாக நிற்பவர்களில் எந்த முழங்கை எந்தத் தோளுக்குச் சொந்தம் என்பதையும் அது சேர்த்துச் சொன்னது. வரிசையாக நெருக்கி நின்று கயிறு இழுப்பவர்களுக்கு இது எவ்வளவு முக்கியம் என்று யோசித்துக்கொள்ளுங்கள். இப்போது போனிலேயே ஓடும் மீடியாபைப் போன்ற மென்பொருள்கள் 33 புள்ளி வரை தருகின்றன.

18 கோடி எண்கள் இப்போது என்ன ஆயிற்று? ஒரு ஆளுக்கு 17 புள்ளி, புள்ளிக்கு இரண்டு எண், ஒரு படத்துக்கு 34 எண். நொடிக்கு 30 படம் என்றால் 1,020 எண். பத்துப் பேருக்கும் சேர்த்துப் பத்தாயிரத்துச் சொச்சம். 18 கோடி எங்கே, பத்தாயிரம் எங்கே!

இந்தப் பத்தாயிரத்தை வைத்து என்ன செய்யலாம் என்று ஒரு கணக்கைப் பார்ப்போம். வீடியோவில் மூன்றாவதாக நிற்பவர். அவருடைய இடுப்பிலிருந்து தோள்வரை ஒரு கோடு. தோள் இடுப்பைவிட 100 புள்ளி மேலே இருக்கிறது, 60 புள்ளி பின்னால் தள்ளியிருக்கிறது. 60-ஐ 100-ஆல் வகுத்தால் 0.6. எந்தக் கோணத்தின் டேன் 0.6 என்று பார்த்தால் சுமார் 31 டிகிரி. அதாவது அவர் நேர் நிமிர்விலிருந்து 31 டிகிரி சாய்ந்திருக்கிறார். ஒவ்வொரு படத்துக்கும் இதைப் போட்டு வரைபடம் வரைந்தால், மூச்சைப் பிடித்து ஒரு இழு, தளர்வு, மறுபடி ஒரு இழு என்று மேடும் பள்ளமுமாக வரும். மேடுகளை எண்ணினால் எத்தனை தடவை இழுத்தார் என்று வந்துவிடும். அவர்கள் குரல் கொடுத்துப் பாடும் தாளம் அந்தக் கோட்டில் அப்படியே தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் சிலிர்த்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று. பக்கவாட்டில் எடுத்ததால்தான் இந்தக் கணக்கு செல்லும். நேர் எதிரே நின்று எடுத்திருந்தால் சாய்வு முழுக்கக் கேமராவை விட்டு விலகும் திசையில் போயிருக்கும், படத்தில் தெரிந்தே இருக்காது. அப்புறம் உடை. கோகோ படங்கள் ஃப்ளிக்கர் தளத்திலிருந்து எடுத்தவை. அதில் கைலி கட்டியவர் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? என் வீடியோவில் மடித்துக் கட்டியிருந்தவர்களின் முழங்கால் சரியாக வந்தது. அவிழ்த்துவிட்டிருந்த ஒருவருக்கு முழங்கால் கணுக்கால் பக்கத்தில் போய் நின்றது. புடவை கட்டியவர்களுக்கும் இதே கதைதான்.

முன்னால் போனவரும் இப்போது வந்தவரும் ஒருவரா?

மூட்டுகளை ஒவ்வொரு படத்திலும் தனித்தனியாகக் கண்டுபிடிக்கிறோம். இந்தப் படத்தில் பத்துப் பேர், அடுத்த படத்தில் பத்துப் பேர். யார் யார் என்று ஜோடி சேர்க்க வேண்டும். இதற்குப் பின்தொடர்தல் என்று பெயர்.

பாசி எடுக்கப் போகும் பெண்களைப் பாருங்கள். சின்னப்பாலம் பக்கம் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு கடலுக்குள் மூழ்குவார்கள். படகில் இருப்பவர் மூழ்கிய இடத்தையே பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். நீரோட்டம் எந்தப் பக்கம், அந்த அக்கா எந்தப் பக்கம் திரும்பி மூழ்கினார், எவ்வளவு நேரம் தம் பிடிப்பார் என்பதை வைத்துக் கொஞ்சம் தள்ளி ஓரிடத்தைப் பார்ப்பார். தலை அங்கே எழும்பினால் அவர்தான். இன்னும் தள்ளி எழும்பினால் தன் கணிப்பைக் கொஞ்சம் திருத்திக்கொள்வார்.

கணித்துவிட்டு, கண்டதை வைத்துத் திருத்துவது: இதைக் கணக்காக எழுதியவர் ருடால்ஃப் கால்மன், 1960-இல். கால்மன் வடிகட்டி என்ற அந்த முறை அப்பல்லோ விண்கலத்துக்கு வழிகாட்டவும் உதவியது. 2016-இல் வெளியான சார்ட் என்ற முறை, கால்மனின் கணிப்பையும், யாரை யாருடன் ஜோடி சேர்த்தால் மொத்தத்தில் பிழை குறையும் என்று சொல்லும் 1955-ஆம் ஆண்டின் ஹங்கேரியன் முறையையும் சேர்த்து ஆட்களைப் பின்தொடர்ந்தது. இரண்டுமே பழைய சரக்கு. ஆனாலும் அன்றைக்கு வேகத்தில் மற்ற முறைகளை எங்கோ விட்டுவிட்டது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த விஷயங்களில் இதுவும் ஒன்று.

கரைவலையில் இது எங்கே இடறுகிறது என்று ஊகித்திருப்பீர்கள். கடைசி ஆள் கயிற்றை விட்டு மற்றவர்களுக்குப் பின்னால் மறைந்து மறைந்து தண்ணீர்ப் பக்கம் நடக்கிறார். என் வீடியோவில் மென்பொருள் 7 என்று எண் கொடுத்திருந்த ஆள் புறப்பட்டார். பாதி வழியில் இன்னொருவர் உடம்புக்குப் பின்னால் மறைந்தார். வெளியே வரும்போது அவர் எண் 14. மறைத்து நின்றவருக்கு 7 போய்விட்டது. 12 நிமிட முடிவில் அந்தக் கரையில் 63 பேர் இருந்ததாகக் கணக்குக் காட்டியது. இருந்தவர்கள் 18 பேர். சட்டை நிறத்தை வைத்து அடையாளம் வைத்துக்கொள்ளும் மேம்பட்ட முறைகள் இருக்கின்றன. அவற்றையும் போட்டேன், கொஞ்சம் குறைந்தது. பாதிப் பேர் சட்டையே போடவில்லையே!

பெயர் வைப்பது

ஒரே ஒரு படத்தை மட்டும் பார்த்து ஒருவர் உட்காருகிறாரா எழுந்திருக்கிறாரா என்று சொல்ல முடியாது. இரண்டிலும் நடுவில் உடம்பு ஒரே மாதிரிதான் வளைந்திருக்கும். செயலுக்குப் பெயர் வைக்க நேரத்தையும் பார்க்க வேண்டும். 2014-இல் சிமோன்யன், ஸிஸர்மன் இருவரும் ஒரு வலைப்பின்னலுக்குப் படத்தையும் இன்னொன்றுக்கு அசைவின் அம்புக்குறிகளையும் கொடுத்து, இரண்டின் பதிலையும் சேர்த்தார்கள். அதன்பிறகு பல படங்களை ஒரே கட்டியாக எடுத்துக்கொள்ளும் முறைகள் வந்தன. உள்வேலை எப்படியானாலும் கடைசியில் நடப்பது ஒன்றுதான்: முன்கூட்டியே எழுதிவைத்த பட்டியலில் எந்தப் பெயர் அதிகம் பொருந்துகிறது என்று பார்ப்பது.

ஆகவே பட்டியலில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. 2004-இல் வந்த கேடிஎச் என்ற பயிற்சி வீடியோத் தொகுப்பில் 25 பேர் 6 செயல்கள் செய்து காட்டினார்கள்: நடப்பது, மெல்ல ஓடுவது, வேகமாக ஓடுவது, குத்துவது, கையசைப்பது, கை தட்டுவது. 2017-இல் கூகுளின் டீப்மைண்ட் வெளியிட்ட கைனெடிக்ஸ் தொகுப்பில் 400 செயல்கள். யூட்யூபிலிருந்து பத்துப் பத்து நொடித் துண்டுகள். பனிமனிதன் செய்வது அதில் இருக்கிறது. உறைந்த ஏரியில் துளை போட்டு மீன் பிடிப்பது இருக்கிறது. கரைவலை இல்லை.

நான் எடுத்த மாடல் பழகிய பட்டியலிலும் கரைவலை இல்லை. "எனக்குத் தெரியாது" என்ற பெயரும் அதில் இல்லை. இருப்பதில் ஒன்றைத்தான் அது சொல்லியாக வேண்டும். வரிசையாக ஆட்கள், கயிறு, பின்சாய்வு. இருப்பதற்குள் கயிறு இழுக்கும் போட்டியைவிடப் பொருத்தமான பதில் எது? என் அக்கா மகள் கயிறு இழுக்கும் போட்டியைப் பள்ளியில் பார்த்திருக்கிறாள். ஆனால் கரைவலை அவளுடைய பட்டியலிலும் இருக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

இன்னொரு குறுக்குவழியும் இந்த மாடல்களுக்குப் பழக்கம். ஆளைப் பார்க்காமல் இடத்தைப் பார்த்தே பதில் சொல்லும். நீச்சல் குளம் தெரிந்தால் நீச்சல், புல்வெளியும் கோல்கம்பமும் தெரிந்தால் கால்பந்து. ஆட்களை மறைத்துவிட்டுப் பின்னணியை மட்டும் காட்டிய சோதனைகளிலும் கணிசமாகச் சரியான பதில் வந்திருக்கிறது. பரீட்சையில் கேள்வியைப் படிக்காமலே பதில் எழுதி மார்க் வாங்கும் பையன் மாதிரி.

சரி, கற்றுக்கொடுத்தால் போச்சு என்று வீடியோவை மூன்று மூன்று நொடியாக வெட்டினேன். நான்கு பெயர்: இழுத்தல், திரும்பி நடத்தல், கயிறு சுருட்டுதல், சும்மா நிற்றல். ஏற்கெனவே பழகிய மாடலை இந்தத் துண்டுகளை வைத்துக் கொஞ்சம் மறுபடி பழக்கினேன். முதல் இரண்டையும் நன்றாகவே பிடித்துக்கொண்டது. நாலாவதில் தப்பு நடந்தது. தப்பு மாடலுடையது இல்லை, என்னுடையது.

சும்மா நிற்றல்

முழங்கால் தண்ணீரில் ஒருவர் வீடியோ நெடுக நின்றுகொண்டிருந்தார். கயிறு தொடவில்லை. எப்போதாவது கையை உயர்த்தினார். அவருக்கு நான் வைத்த பெயர்தான் "சும்மா நிற்றல்". பிற்பாடு பெரியவரிடம் காட்டியபோது, "சும்மாவா? வலை எந்தப் பக்கம் ஒதுங்குதுன்னு பாக்குறது அவன்தான். கையத் தூக்குனா இந்தக் கயித்தை நிறுத்து, அந்தக் கயித்தை இழுன்னு அர்த்தம். அவன் கண்ணு தப்புனா வலை கோணிக்கும்" என்றார். அந்தக் கரையிலேயே பொறுப்பான வேலை அதுதான்போல.

அசைவு, செயல், நடத்தை என்று மூன்று அடுக்கு சொல்வார்கள். கை உயர்ந்தது அசைவு. கையசைத்தார் என்பது செயல். ஏன் அசைத்தார், யாருக்கு, அதனால் என்ன நடக்கும் என்பது நடத்தை. முதல் இரண்டும் படத்தில் இருக்கின்றன. மூன்றாவது பெரும்பாலும் படத்துக்கு வெளியே இருக்கிறது. அதை உள்ளே கொண்டுவருவது பெயர் ஒட்டும் ஆள். அவருக்குத் தெரியாததை மாடலும் தெரிந்துகொள்ளப் போவதில்லை.

மூழ்குபவரைக் கண்டுபிடிக்கும் கேமராக்கள் பற்றிய பேச்சு இதற்கு நல்ல உதாரணம். மூழ்குபவர் கையை வீசி "காப்பாத்துங்க" என்று கத்துவார் என்று நினைக்கிறோம். உயிர்காப்பாளராக வேலை பார்த்த ஃபிரான்செஸ்கோ பியா என்ற அமெரிக்கர் நிஜமாக மூழ்கியவர்களைக் கவனித்துச் சொன்னது வேறு: சத்தம் வராது, உடம்பு தண்ணீரில் நேராக நிற்கும், கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்திக்கொண்டிருக்கும், ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். கை வீசுவதைத் தேடச் சொல்லிப் பழக்கிய மாடல் விளையாடும் பிள்ளைகளுக்கெல்லாம் மணி அடித்துவிட்டு, மூழ்குபவரை விட்டுவிடும். சரி, தலை மறைவதைத் தேடச் சொல்லலாமா? தை அமாவாசை அன்று ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் அதை ஓடவிட்டுப் பாருங்கள். முங்கி எழுகிற ஒவ்வொரு தலைக்கும் மணி அடிக்கும்.

இதையே கண்காணிப்புக்குக் கொண்டுபோகும்போது எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. "ஓரிடத்தில் வெகுநேரம் காரணமின்றி நிற்பது" என்பதைச் சந்தேகத்துக்குரிய நடத்தையாகக் குறிக்கும் மென்பொருள்கள் சந்தையில் உண்டு. ரயில் நிலையத்துக்கு அது பொருந்தலாம். பாம்பன், மண்டபம், தொண்டி என்று எல்லைக்கடல் ஓரமாக இருக்கும் எங்கள் ஊர்களில் ராத்திரி இரண்டு மணிக்குக் கரையில் ஒருவர் ஒரு மணி நேரம் கடலையே பார்த்து நிற்கிறார் என்றால், காற்று திரும்புமா என்று பார்க்கிறார், இல்லை, வர வேண்டிய படகு வரவில்லை என்று நிற்கிறார். அவர் பெயருக்கு எதிரே சிவப்புக் கட்டம் விழுவதில் எனக்குச் சம்மதமில்லை.

ஆளுக்கு ஆள் பிழையின் அளவும் மாறும். 2018-இல் ஜாய் புவலம்வினி, டிம்னிட் கெப்ரு இருவரும் முகத்தை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்லும் விற்பனை மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர் நிற ஆண்களில் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம், கருநிறப் பெண்களில் 34.7 சதவீதம்வரை போனது. அது முகம், இது மூட்டு என்றாலும் பயிற்சிப் படங்களில் யார் குறைவோ அவர்களிடம்தான் பிழை கூடும் என்ற கணக்கு மாறாது. பளிச்சென்ற வெயிலில் கருத்த உடம்பு, பின்னால் பளபளக்கும் கடல். என் வீடியோவிலேயே அந்தப் படங்களில்தான் மூட்டுகள் அதிகம் தொலைந்தன. சட்டப் பக்கம் பார்த்தால், இந்தியாவில் 2023-இல் தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புக்குச் சட்டம் வந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் ஒரு படி மேலே போய், வேலையிடத்திலும் பள்ளியிலும் ஒருவர் முகத்தைப் பார்த்து அவர் உணர்ச்சியை ஊகிக்கும் மென்பொருளைச் சில விதிவிலக்குகளோடு தடை செய்திருக்கிறது.

நல்லதுக்கும் இது உதவுகிறது. பக்கவாதம் வந்தவரின் நடை வாரத்துக்கு வாரம் எவ்வளவு தேறுகிறது என்று போனிலேயே அளக்கலாம். கருவாட்டுக் கொட்டகையில் நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்பவர்கள் இடுப்பு எத்தனை டிகிரியில் எத்தனை மணி நேரம் வளைந்திருந்தது என்று காட்டி, மேசையை உயர்த்தச் சொல்லலாம். நீங்களே முயன்று பார்க்க ஆசையிருந்தால் போனைக் கையில் பிடிக்காதீர்கள், முக்காலியில் வையுங்கள். கை ஆட்டமும் அசைவாகத்தான் பதிவாகும். வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். முதல் வீடியோவில் ஒரே ஆள் போதும்.

இரண்டு வாரம் கழித்து லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பெரியவரைப் பார்க்கப் போனேன். சாய்வுக் கோட்டைக் காட்டினேன். முதல் நிமிடங்களில் மேடுகள் தாழ்வாக இருந்தன. கடைசி மூன்று நிமிடத்தில் எல்லோருடைய சாய்வும் கூடியிருந்தது, இழுப்புகளுக்கு நடுவில் இடைவெளியும் நீண்டிருந்தது. "இங்கேருந்து வலை கனத்திருக்கு, சரியா?" என்று கேட்டேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கோட்டின் மேல் விரலை வைத்துப் பார்த்தார்.

"கரெக்டுதான். கனம் ஏறுச்சு. அன்னைக்கு எங்களுக்கும் நல்ல மீன்பாடுன்னுதான் நெனப்பு."

"அப்புறம்?"

"மடி பூரா சொறிமீனு. கொட்டிட்டு வந்தோம்."